அகலம், ஆள், அடிப்பாரம்: ஐயங்குளத் தெப்பம் முதல் கண்ணாடியிழைப் பாய்ப்படகு வரை கலங்களின் நிலைப்பாட்டு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நீரில் மிதக்கும் கலம் கவிழாமல் நிற்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. கலத்தின் அகலத்தைப் பெருக்குதல், கலத்திலுள்ள ஆட்கள் இடம்மாறி எடையைச் சரிசெய்தல், கலத்தின் அடியில் நிலையான பாரத்தைப் பொருத்துதல் என்பன அவை. தமிழகத்தின் உள்நாட்டு மிதவைகளும் கடற்கரைக் கலங்களும் பெரும்பாலும் முதல் இரு வழிகளையே பின்பற்றின. மூன்றாம் வழி ஐரோப்பியப் பாய்ப்படகு மரபில் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கண்ணாடியிழை படகுகட்டும் பொருளானபோது, ஏராவும் அடிப்பாரமும் கண்ணுக்குத் தெரியாத வகையில் மூடப்பட்டன. பழைய கண்ணாடியிழைப் பாய்ப்படகுகளில் இன்று காணப்படும் பழுதுகளுள் பல, கலத்தை அவிழ்த்தும் பிரித்தும் பார்க்கும் பழைய வழக்கம் இம்மூடலால் தடைப்பட்டதன் விளைவுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருவண்ணாமலைத் தெப்பத்தில் தொடங்கி, சோழமண்டலக் கடற்கரைக் கலங்களின் வழியே இவ்வரலாறு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஏரா, அடிப்பாரம், தெப்பம், கட்டுமரம், தோணி, கண்ணாடியிழைப் படகு, நிலைப்பாடு.

முன்னுரை

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் மலைமேல் மகாதீபம் ஏற்றப்பெற்ற பின்னர், ஐயங்குளத்தில் தெப்பல் உற்சவம் மூன்று நாள்கள் நிகழ்கிறது. சந்திரசேகரர், பராசக்தி அம்மன், முருகன் ஆகியோர் முறையே தெப்பத்தில் எழுந்தருளிக் குளத்தை வலம் வருகின்றனர். சமய நோக்கில் இவ்விழா பலராலும் விளக்கப்பெற்றுள்ளது. ஆனால் தெப்பம் ஒரு கலமும் ஆகும். உயரமான அலங்கார மண்டபத்தையும், இறைத்திருமேனியையும், அர்ச்சகர்களையும், பணியாளர்களையும் சுமந்து நீரில் நகரும் அம்மிதவைக்கு ஏரா இல்லை, அடிப்பாரமும் இல்லை. பாரம் முழுவதும் நீர்மட்டத்துக்கு மேலேயே அமைகிறது. இருந்தும் அது நிலைகுலையாமல் வலம் வருகிறது.

கடலிலிருந்து தொலைவிலுள்ள ஒரு மலையடி ஊரின் குளத்தில் காணப்படும் இந்நிலைப்பாடு, தமிழர் கலங்கட்டிய முறையைப் புரிந்துகொள்ள ஏற்ற தொடக்கமாக அமைகிறது. தமிழர் கடலோடிய வரலாற்றைப் பேசும் ஆய்வுகள் வணிகம், துறைமுகம், படையெடுப்பு ஆகியவற்றுக்கு முதன்மை தந்துள்ளன. கலம் எவ்வாறு கவிழாமல் நின்றது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. கடலில் செல்வோரின் உயிர் இவ்வினாவைச் சார்ந்திருப்பதால் அது ஆராயத்தக்கதாகிறது.

நிலைப்பாட்டின் அடிப்படை

மிதக்கும் கலத்தின்மீது இரு விசைகள் செயற்படுகின்றன. கலத்தின் எடை அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. நீரின் மிதப்பு விசை, நீரில் மூழ்கிய பகுதியின் மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. கலம் ஒருபுறம் சாயும்போது அப்புறத்தில் மூழ்கும் பகுதி மிகுதியாவதால் மிதப்பு மையம் அத்திசைக்கு நகர்கிறது. இவ்வாறு நகர்ந்த மையம் கலத்தை மீண்டும் நிமிர்த்துமாயின் அக்கலம் நிலைப்பாடு உடையது. பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746இல் வெளியிட்ட கப்பலியல் நூலில் இவ்வுறவைக் கணிதமுறையில் விளக்கினார். கப்பற்கட்டுமானம் பட்டறிவை மட்டுமன்றிக் கணக்கையும் சார்ந்து நிற்கலாம் என்பதற்கு அந்நூல் வழிகாட்டியது.

கலத்தை அகலமாக்கினால் மிதப்பு மையம் விரைந்து நகரும். எடை மாறாமல் அகலம் மட்டும் இருமடங்கானால், அகலத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் திறன் எட்டு மடங்காகிறது. எனவே அகலமே மிக எளிய வழி. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அகலமான கலம் சிறு சாய்வுக்கு வலுவாக எதிர்நிற்கும்; எல்லை கடந்து கவிழ்ந்துவிட்டால், தலைகீழான நிலையிலும் அதே வலிமையுடன் நிலைத்துவிடும். அடியில் கனமான பாரம் உடைய கலம் தொடக்கத்தில் எளிதாகச் சாயும். ஆனால் பெருஞ்சாய்விலிருந்தும் அது மீள முடியும். மூன்றாவதாக, கலத்திலுள்ள மனிதர்கள் சாய்வுக்கு எதிர்ப்புறம் நகர்ந்து அமரும்போது அவர்களே இயங்கும் பாரமாகின்றனர். எம்மரபு எவ்வழியைத் தேர்ந்துகொண்டது என்பதை அந்தந்த நீர்நிலையின் இயல்பே பெரிதும் முடிவுசெய்தது.

உள்நாட்டு நீர்நிலைகள்: தெப்பமும் பரிசலும்

தெப்பத்தில் அகலமே எல்லாமாக இருக்கிறது. மரங்களை அடுக்கிக் கட்டியும், இக்காலத்தில் பல ஊர்களில் காற்றடைத்த பீப்பாய்களை வரிசையாகப் பிணைத்தும் தளம் அமைக்கப்படுகிறது. தளத்தின் பரப்பு, மேலே எழும் மண்டபத்தின் உயரத்தை ஈடுசெய்கிறது. குளத்தில் அலையில்லை, தெப்பம் பாய் கொண்டு செல்வதில்லை, கயிற்றால் இழுக்கப்படுகிறது. ஆகவே பெருஞ்சாய்வு நேரும் வாய்ப்பு குறைவு. அங்கு எஞ்சும் ஒரே இடர், ஏறியவர்கள் அனைவரும் ஒருபுறமாகக் கூடுவது. தெப்பத்தில் ஏறுவோர் எண்ணிக்கையை வரையறுப்பதும், அவர்கள் இருக்குமிடத்தை ஒழுங்குபடுத்துவதும் இதனாலேயே இன்றியமையாதவை ஆகின்றன. இவ்வகையில் தெப்பத்திலும் ஆட்களின் எடை கலத்தின் நிலைப்பாட்டில் ஓர் உறுப்பாகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958இல் கட்டிமுடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையின் முழுக்கொள்ளளவு உயரம் 119 அடி. இத்தகைய நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்புக்கு ஏற்ற கலம் பரிசல் ஆகும். மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்பெற்று, முற்காலத்தில் தோலாலும் பிற்காலத்தில் நெகிழித் தாளாலும் தாராலும் மூடப்பெறும் பரிசலுக்கு முன்பின் என்னும் வேறுபாடே இல்லை. எத்திசையில் சாய்ந்தாலும் ஒரே அகலம் எதிர்நிற்கிறது. பரிசலோட்டி நடுவையும் விளிம்பையும் அறிந்து தன் உடலை நகர்த்துகிறார். ஏறுவோரை எதிரெதிராக அமரச் செய்கிறார். ஒகேனக்கலில் பரிசலில் செல்வோர் முதலில் கேட்கும் அறிவுரை எழுந்து நிற்கக் கூடாது என்பதே. எழுந்து நிற்கும்போது ஈர்ப்பு மையம் உயர்கிறது. பூகே கணக்கிட்டுக் காட்டிய உண்மை இங்குப் பழக்கமாகப் பின்பற்றப்படுகிறது.

கடற்கரைக் கலங்கள்: அகலமும் ஆளும்

குளத்தின் அமைதியிலிருந்து கடற்கரைக்குச் சென்றால் நிலைமை மாறுகிறது. சோழமண்டலக் கடற்கரை நீண்ட மணற்கரை. இயற்கைத் துறைமுகங்கள் அரிது. கரையை ஒட்டி அலைமுறிவு ஓயாது. கரையிலிருந்து புறப்படும் கலம் அலையைக் குறுக்கே கடக்க வேண்டும். திரும்பும்போது அலையோடு வந்து மணலில் ஏற வேண்டும். ஆழமான ஏரா உடைய கலம் அலைமுறிவில் தரைதட்டிக் கவிழும். தென்பகுதியிலுள்ள பாக் விரிகுடாவில் அலை குறைவாயினும், அதன் சராசரி ஆழம் 10 மீட்டரை ஒட்டியதே. இரு சூழல்களிலும் ஆழ்ந்த அடிப்பாரம் பயனற்றது. சில வேளைகளில் கேடும் தரும்.

கட்டுமரம் இச்சூழலுக்கு அமைந்த விடையாகும். சில மரங்களை அருகருகே கயிற்றால் பிணைத்து அமைக்கும் அக்கலத்துக்கு உள்வெளி என்னும் பிரிவில்லை. அலை மேலே ஏறினாலும் நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். பாய் விரிக்கும்போது பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்க, மரங்களுக்கிடையே ஒரு பலகை செருகப்பட்டது. கரை நெருங்கும்போது அது உருவப்பட்டது. ஏரா செய்யும் பணியை வேண்டும்போது மட்டும் செய்து, வேண்டாதபோது விலகிக்கொள்ளும் உறுப்பு அது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண ஏடான பெரிப்ளூஸ், இக்கடற்கரையில் பெருமரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் கலத்தைக் குறிப்பிடுகிறது. மரங்களைப் பிணைத்து அகலம் பெறும் முறையின் தொன்மைக்கு இது சான்றாகும்.

கட்டுமரத்தின் பராமரிப்பும் கருதத்தக்கது. கரையேறியதும் கயிறுகளை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பது வழக்கம். நீரை உறிஞ்சிய மரம் மிதப்புத் திறனை இழக்கும் என்பதால் உலர்த்தல் இன்றியமையாதது. இதன் விளைவாகக் கலத்தின் ஒவ்வோர் உறுப்பும் அடிக்கடி கண்ணாலும் கையாலும் சோதிக்கப்பெற்றது. மசூலா படகிலும் இதே இயல்பைக் காணமுடிகிறது. சென்னையில் துறைமுகம் அமையுமுன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்கையும் கரைசேர்த்த அப்படகு, வங்குகள் இன்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளால் ஆனது. தையல் தளர்ந்தால் படகைப் பிரித்து மீண்டும் தைத்தனர்.

சென்னை மாகாண மீன்துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவமைப்புகள் குறித்து 1920இல் வெளியிட்ட ஆய்வில் இக்கடற்கரைக் கலங்களை விரிவாகப் பதிவுசெய்தார். பாக் விரிகுடாப் படகுகளில் குறுக்கே நீட்டிய சமநிலைப் பலகையும் அப்பதிவுகளுள் ஒன்று. காற்று வலுக்கும்போது படகோட்டிகள் காற்று வரும் பக்கம் நீண்டிருக்கும் பலகையின் மேல் சென்று அமர்வர். காற்று தணியும்போது உள்ளே திரும்புவர். இலங்கையின் புறத்துணை மரம் பொருத்திய படகுகளிலும் இம்முறை உண்டு. அங்குக் காற்றின் வலிமையையே ஓராள் காற்று, ஈராள் காற்று என வெளியே சென்று அமரவேண்டிய ஆட்களின் எண்ணிக்கையால் சுட்டினர். காற்றை அளக்கும் கருவியாகவும் அதனை ஈடுசெய்யும் பாரமாகவும் மனித உடலே இங்குப் பயன்பட்டுள்ளது.

ஏரா என்னும் முதுகெலும்பு

மேற்கூறியவற்றால் தமிழர் ஏராவை அறியாதிருந்தனர் என முடிவுசெய்தல் பிழையாகும். ஏரா என்னும் சொல் கப்பலின் அடிமரத்தைக் குறிப்பதாக அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. கலங்கட்டும் கலை பற்றிய தமிழ்ச்சுவடிகளும் உள்ளன. அவற்றுள் கப்பல் சாத்திரம் 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தால் அச்சேற்றப்பெற்றது. மரத்தேர்வு, அளவு, நற்குறி தீக்குறி ஆகியன அம்மரபின் அக்கறைகள். அவற்றைக் கட்டுக்கதை என ஒதுக்காமல், எவ்வுறுப்பின்மீது கப்பலின் நலம் சார்ந்திருப்பதாகக் கட்டுநர் கருதினர் என்பதற்கான சான்றாகக் கொள்வது பொருத்தமாகும்.

ஆயினும் இம்மரபில் ஏரா ஆற்றிய பணி வேறு. திருகோணமலைக் கப்பற்கட்டுமானத் தளத்தில் தலைமைக் கட்டுநராக இருந்த ஜான் எடை, இந்திய, இலங்கைக் கலங்களைப் பற்றி 1834இல் எழுதிய கட்டுரையில் சோழமண்டலத் தோணியை விவரிக்கிறார். அவர் தரும் அளவின்படி தோணி ஏறத்தாழ 70 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. அதன் அடிப்பகுதி தட்டையானது. நடுவில் 7 அடி வரை விரிந்து முன்னும் பின்னும் ஒடுங்குவது. ஐரோப்பியக் கப்பலில் கத்திபோல் நீரைக் கீறும் ஏரா இங்குத் தளம்போல் விரிந்திருக்கிறது. அது கலத்தின் நீளவாட்டு வலிமைக்கு அடிப்படையாக, முதுகெலும்பாக நின்றது. ஆழத்தில் பாரத்தைத் தாங்கும் உறுப்பாக அமையவில்லை. வடிநீரில் தோணி மணலில் நேராக அமரவும், ஆழமற்ற துறைகளில் சரக்கு ஏற்றவும் இவ்வடிவம் துணைசெய்தது.

தோணியின் பாரம் அதன் சரக்கே. கனமான பொருள் அடியிலும் இலேசான பொருள் மேலிலும் வைக்கப்பட்டன. சரக்கில்லாப் பயணத்தில் மணலோ கல்லோ ஏற்றப்பட்டுப் பின்னர் இறக்கப்பட்டது. ஆகவே அடிப்பாரம் ஒவ்வொரு பயணத்திலும் புதிதாக முடிவுசெய்யப்பட்டது. இதில் இடரும் இருந்தது. கட்டப்படாத கல்லோ மணலோ பெருஞ்சாய்வில் ஒருபுறம் சரிந்தால் கலம் மீளாது. ஆனால் அவ்விடர் கலத்திலிருந்தோர் அனைவரும் அறிந்த ஒன்று. எது எங்கு உள்ளது, எவ்வளவு உள்ளது என்பதை அதனை ஏற்றிய கைகள் அறிந்திருந்தன.

அடிப்பாரம் ஏராவுடன் இணைதல்

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் பாரம் கலத்தின் உள்ளேயே அடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொழுதுபோக்குப் பாய்ப்படகுகளிலும் பந்தயப் படகுகளிலும் ஈயத்தையோ வார்ப்பிரும்பையோ ஏராவின் அடியில் வெளிப்புறமாகப் பொருத்தி, நீண்ட மரையாணிகளால் இறுக்கும் முறை பரவியது. நீரைவிட ஈயம் 11 மடங்குக்கும் மேல், இரும்பு 7 மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையவை. பாரம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மிகுதியான பாய் விரிக்க முடியும். சரக்கேற்றாத, காற்றை எதிர்த்து விரைய வேண்டிய, ஆழமான துறையில் நிற்கும் படகுக்கு இம்முறை பொருந்தியது. இப்பாய்ப்படகு மரபு தமிழகத்தில் நிறுவன வடிவம் பெற்றதற்கு, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தோற்றுவித்த சென்னை அரச பாய்ப்படகுக் கழகம் அடையாளமாகும். அதாவது, செயற்கைத் துறைமுகம் அமைந்த பின்னரே ஏரா தாழ்ந்த படகுக்கு இக்கடற்கரையில் இடம் கிடைத்தது.

இம்மரபின் மரப்படகுகளிலும் பிரித்துப் பார்க்கும் பண்பு நீடித்தது. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பெற்ற சுஹைலி என்னும் பாய்ப்படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 முதல் 1969 ஏப்ரல் 22 வரை 312 நாள்கள் எங்கும் நில்லாது தனித்து உலகைச் சுற்றினார். பயணத்தின் தொடக்கக் கட்டத்தில் ஏராவை ஒட்டிய பலகைப் பொருத்தில் நீர் கசிந்தது. அவர் கடலில் மூழ்கிக் கசிவின் இடத்தைக் கண்டறிந்து, பருத்தித் திரியைச் செருகி, மேலே உலோகத் தகடு அறைந்து அடைத்தார். பழுது கண்ணுக்குப் புலப்பட்டதால்தான் நடுக்கடலில் அதனைச் சரிசெய்ய முடிந்தது.

கண்ணாடியிழையில் மூடப்பட்ட பாரம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வளர்ந்த பாலியெஸ்டர் பிசினும் கண்ணாடியிழையும் சேர்ந்து படகுகட்டும் தொழிலை மாற்றின. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற டிரைட்டன் என்னும் 28 அடிப் பாய்ப்படகு, அச்சில் வார்த்துப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பெற்ற படகுகளின் காலத்தை அறிவித்தது. பலகை, பொருத்து, ஆணி ஆகியன மறைந்து, படகின் உடல் ஒரே ஓடாயிற்று. அவ்வோடு மட்குவதில்லை, புழு அரிப்பதில்லை. இதனால் 1960 முதல் 1980 வரையிலான காலத்தில் வார்க்கப்பெற்ற படகுகள் பல இன்றும் மிதக்கின்றன. ஆனால் ஓட்டின் ஆயுள் அதனுடன் இணைந்த பிற பொருள்களுக்கு இல்லை. பழைய கண்ணாடியிழைப் படகுகளின் ஏராச் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

இப்படகுகளில் அடிப்பாரம் இரு முறைகளில் அமைந்துள்ளது. முதல் முறையில் ஓட்டின் அடிப்பகுதியே உள்ளீடற்ற ஏராவாக வார்க்கப்பட்டு, அதனுள் ஈயக்கட்டிகளோ, இரும்புத் துண்டுகளோ இடப்பட்டுப் பிசினாலோ சிமெண்டுக் கலவையாலோ மூடப்பட்டன. மரையாணி தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் தரைதட்டி ஓடு கீறினாலோ, படகினுள் தேங்கிய நீர் மேலிருந்து இறங்கினாலோ, இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். துரு மூல இரும்பைவிட மிகுந்த இடத்தைக் கொள்வதால், உள்ளிருந்து ஓட்டை அழுத்திப் பிளக்கிறது. பாரத்துக்கும் ஓட்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அவ்விடத்தில் ஓட்டுக்குத் தாங்கலும் இல்லை. வெளியிலிருந்து நோக்குவோருக்கு வண்ணம் பூசிய வழவழப்பான பரப்பு மட்டுமே தெரியும்.

இரண்டாம் முறையில் ஈயம் அல்லது இரும்பு ஏரா வெளிப்புறத்தில் மரையாணிகளால் பொருத்தப்பட்டது. இதில் ஆணியே சிக்கலாகிறது. துருவேறா எஃகு தன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தால் காக்கப்படுகிறது. அப்படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். பொருத்தின் இடுக்கில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் குறைவதால் படலம் சிதைந்து, ஆணி குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் அரிக்கப்படுகிறது. மேலே தெரியும் மரை பளபளப்பாகவே இருக்கும். ஓட்டுக்கும் ஏராவுக்கும் இடையிலுள்ள பகுதி மெலிந்திருக்கும். மேலும், ஏராவின் முன்முனை பாறையிலோ மணலிலோ மோதும்போது அதன் பின்முனை படகின் அடியை மேல்நோக்கித் தள்ளுகிறது. அவ்விடத்தில் ஓட்டின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ள வலுவூட்டும் சட்டங்கள் பிரிந்துவிடக்கூடும். தரைதட்டிய படகு ஒழுகாமல் மிதப்பதால் பழுதில்லை எனக் கருதப்பட்டு அடுத்த பயணத்துக்கு அனுப்பப்படுகிறது.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் சென்ற 303 படகுகள் கடும்புயலில் சிக்கின. பந்தயத்தில் ஈடுபட்டோருள் 15 பேர் உயிரிழந்தனர். அகன்றும் இலேசாகவும் வடிவமைக்கப்பெற்ற சில படகுகள் கவிழ்ந்தபின் தலைகீழாகவே நின்றமை அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளில் கவனம் பெற்றது. அகலத்தின் எல்லை இங்கு வெளிப்பட்டது. 2014 மே மாதம் அட்லாண்டிக் பெருங்கடலில் சீக்கி ரஃபிக்கி என்னும் கண்ணாடியிழைப் பாய்ப்படகின் ஏரா கழன்று, அதிலிருந்த நால்வரும் மறைந்தனர். பிரித்தானியக் கடல்விபத்துப் புலனாய்வுப் பிரிவின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, முன்பு தரைதட்டியமையும் அதன் தொடர்பான பழுதுபார்ப்புகளும் ஏராவின் பிணைப்பை வலுவிழக்கச் செய்திருக்கக்கூடும் எனவும், ஒட்டப்பட்ட உட்சட்டம் பிரிவதைக் கண்டறிதல் கடினம் எனவும் சுட்டியது. அடிப்பாரத்தின் எல்லை இங்கு வெளிப்பட்டது. கழன்ற பாரம் எக்கலத்தையும் காப்பதில்லை.

இவற்றால் பழைய கண்ணாடியிழைப் படகுகள் அனைத்தும் தீங்குடையவை என்று கொள்ளலாகாது. கோல்டன் குளோப் என்னும் தனியாள் உலகப் பந்தயத்தின் 2018, 2022ஆம் ஆண்டுப் போட்டிகள், 1988க்கு முன் வடிவமைக்கப்பெற்ற, 32 முதல் 36 அடி வரையிலான, நீண்ட ஏராவின் பின்விளிம்பில் சுக்கான் பொருத்திய படகுகளையே ஏற்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய பந்தயத்தில் இந்தியக் கடற்படையின் முன்னாள் அலுவலர் அபிலாஷ் டோமி, ரஸ்ட்லர் 36 வகையைச் சேர்ந்த பயனாத் என்னும் கண்ணாடியிழைப் படகில் சென்று, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரைசேர்ந்தார். அத்தகைய பயணத்துக்கு முன் படகு முழுமையாக ஆராயப்பட்டுப் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஆண்டுக்கணக்கு மட்டும் ஏராவின் நிலையை முடிவுசெய்வதில்லை; அது எப்போது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதே முடிவுசெய்கிறது.

தமிழகக் கடற்கரையின் கண்ணாடியிழைப் படகு

தமிழகக் கடற்கரையில் பாரமேற்றிய ஏரா உடைய பாய்ப்படகுகள் மிகச் சிலவே. ஆனால் கண்ணாடியிழை இங்கு வேறு வடிவில் பரவியுள்ளது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைமுறிவைக் கடந்து மணலில் ஏறும் புதிய படகுகளை உருவாக்க முயன்றது. அம்முயற்சியில் கண்ணாடியிழையும் ஆய்வுக்குட்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வழங்கப்பெற்ற மறுவாழ்வுப் படகுகளால், மீனவர் வழக்கில் பைபர் படகு எனப்படும் கலம் கடற்கரையெங்கும் பெருகிக் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் கொண்டது.

பைபர் படகுக்கு ஆழ்ந்த ஏராவும் அடிப்பாரமும் இல்லை. அகலமும் ஆளும் என்னும் பழைய நெறியே தொடர்கிறது. எனினும் இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒன்று, படகின் பின்முனையில் இயந்திரம் நிலையான எடையாக அமைந்தது. பாய்க்காலத்தில் ஆட்கள் நகர்ந்து எடையைச் சரிசெய்தனர், இயந்திரம் நகர்வதில்லை. வலை, பனிக்கட்டிப் பெட்டி, எரிபொருள், பிடிபட்ட மீன் ஆகியவற்றை எங்கு வைப்பது என்னும் முடிவு அதனைச் சார்ந்ததாகிறது. மற்றொன்று, மூழ்காமல் காக்கும் பொருட்டு மூடப்பட்ட அறைகளில் நுரைப்பொருள் நிரப்பப்பட்டது. ஓட்டில் ஏற்படும் சிறு விரிசல் வழியே நீர் புகுந்தால் நுரை அதனை மெல்ல உறிஞ்சுகிறது. தெர்மோகோல் போன்ற பொருளாயின் பெட்ரோல் பட்டதும் கரைகிறது. மிதப்புக்காக வைக்கப்பட்ட பகுதி, காலப்போக்கில் யாரும் அறியாத பாரமாகிறது. அப்பாரம் எங்குச் சேர்ந்துள்ளது என்பதும் தெரியாது. மிதப்புப் பொருள் நீர் கோத்தால் கலம் கனக்கும் என்பதைக் கட்டுமரக்காரர் நன்கறிவர். அதற்காகவே மரங்களை அவிழ்த்து உலர்த்தினர். பைபர் படகில் அவிழ்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஐரோப்பியப் பாய்ப்படகின் ஏராவும் தமிழகப் பைபர் படகின் நுரையறையும் இவ்விடத்தில் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகின்றன. ஒன்றில் பாரமும் மற்றொன்றில் மிதப்பும் மூடப்பட்டன. இரண்டிலும் மூடியது ஒரே பொருள். இரண்டிலும் இழந்தது, கலத்தின் உள்நிலையை அதனை ஓட்டுபவரே அறியும் வாய்ப்பு.

இவ்வாய்ப்பை மீட்கும் வழிகளும் உள்ளன. கண்ணாடியிழைப் பரப்பைச் சிறு சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பது படகு மதிப்பீட்டாளர்களின் அடிப்படைச் சோதனைகளுள் ஒன்று. உறுதியான இடம் தெளிந்த ஒலி தரும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஈரமானி, படகை எடையிட்டுத் தொடக்க எடையுடன் ஒப்பிடுதல், ஏராவின் மரையாணிகளுள் சிலவற்றைக் கழற்றிப் பார்த்தல், நுரையறைகளுக்குத் திறப்பு அமைத்தல் ஆகியன பிற வழிகள். இவற்றுள் தட்டிக் கேட்டலும் எடை பார்த்தலும் பெருஞ்செலவின்றி மீனவ ஊர்களிலேயே செய்யத்தக்கவை.

முடிவுரை

தெப்பம், பரிசல், கட்டுமரம், மசூலா, தோணி ஆகிய கலங்கள் வடிவத்தால் வேறுபட்டாலும், ஆழ்ந்த நிலைப்பாரத்தை நாடாமல் அகலத்தாலும் ஆட்களின் இயக்கத்தாலும் மாற்றத்தக்க சரக்காலும் நிலைபெற்றன. அலைமுறிவும் ஆழமின்மையும் கொண்ட நீர்ச்சூழலே இத்தேர்வுக்குக் காரணம். பாரமேற்றிய ஏரா இல்லாமையைத் தமிழர் கலைத்திறனின் குறையாகக் கொள்ள இடமில்லை. தமிழ் மரபில் ஏரா முதுகெலும்பாக இருந்தது. ஐரோப்பியப் பாய்ப்படகில் அது பாரந்தாங்கியும் ஆயிற்று.

பழைய கண்ணாடியிழைப் பாய்ப்படகுகளின் ஏராப் பழுதுகளைப் பொருளின் குறையாக மட்டும் காண்பது போதாது. கலத்தை நிலைநிறுத்தும் உறுப்பு பார்வையிலிருந்து மறைந்தபோது, அதனைக் காலந்தோறும் சோதிக்கும் வழக்கமும் தளர்ந்தது என்பதே அப்பழுதுகள் உணர்த்தும் வரலாற்றுண்மை. தமிழகக் கடற்கரையில் ஆழிப்பேரலைக்குப் பின் வந்த படகுகள் இன்று ஏறத்தாழ இருபதாண்டு வயதை எட்டியுள்ளன. அவற்றின் மூடிய அறைகளில் என்ன நிகழ்ந்துள்ளது என்னும் வினா தொழில்நுட்பத் துறைக்கு மட்டும் உரியதன்று. கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்திய தலைமுறையினர் இன்னும் கடற்கரை ஊர்களில் வாழ்கின்றனர். கலத்தின் எடையை உடலால் உணர்ந்த அவர்களின் அறிவைச் சொற்களோடும் செய்முறையோடும் பதிவுசெய்தல், கடல்சார் வரலாற்றுக்கும் கடலில் செல்வோரின் பாதுகாப்புக்கும் ஒருங்கே பயன்தரும் பணியாகும்.